இருபத்தோராயிரத்து அறுநூறு

வாசுதேவநல்லூரில் போய், சங்கரேஸ்வரி என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டுப் பாருங்கள். ஆளுக்கொரு பதில் வரும். அவளுடைய அம்மா வள்ளித்தாய், கம்ப்யூட்டரில் டைப் அடிக்கிறாள் என்பாள். அப்பா இசக்கிப்பாண்டி போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் "சாப்ட்வேர்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு மீசையைத் தடவ ஆரம்பித்துவிடுவார், அடுத்த கேள்வி வந்துவிடக் கூடாது என்று. எதிர்வீட்டுக்காரர்கள் அவள் ஆதார் கார்டில் பேர் திருத்துகிறாள் என்று நினைத்து இரண்டு தடவை கார்டுகளைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். அது என் வேலை இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. வாங்கி வைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை முழுக்க இ-சேவை மையத்து வரிசையில் நின்றாள். அப்படிப்பட்ட பிள்ளை.

நான் அவளுடைய ஆபீஸ் வேனை ஓட்டுகிறவன். ஆறே முக்காலுக்கு வாசுதேவநல்லூரில் கிளம்பி, புளியங்குடி, கடையநல்லூர் என்று வழியெல்லாம் ஆட்களை ஏற்றிக்கொண்டு எட்டு மணிக்குக் குத்துக்கல்வலசையில் இறக்கிவிட வேண்டும். வேன் ஓட்டுகிறவனுக்கு முன்னால் ஒரு கண்ணாடி, பின்னால் பன்னிரண்டு வாய். அதனால் நான் சொல்லுவதில் முக்கால் பங்கு கண்ணால் பார்த்தது, கால் பங்கு காதில் விழுந்தது. கற்பனை என்று ஏதாவது இருந்தால் அது கல்யாணப் பேச்சு பற்றிய இடத்தில் மட்டும்தான் இருக்கும்.

மூன்று வருஷம் சென்னையில் வேலை பார்த்துவிட்டு அவள் திடீரென்று ஊருக்குத் திரும்பினாள். காதல் தோல்வி என்று ஒரு பேச்சு கிளம்பியது. அந்தப் பேச்சில் பாதிக்கு நான் பொறுப்பு. உண்மை அதைவிடச் சப்பென்று இருந்தது. சென்னையில் தோழிகளோடு வாடகைக்கு இருந்த வீட்டில் கேஸை மூடினோமா என்று தினமும் பாதி வழியில் சந்தேகம் வரும். பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பி ஓடுவாள். மூடித்தான் இருக்கும். மறுநாளும் ஓடுவாள். கடைசியில் அந்தக் கம்பெனியில் நேரத்துக்கு வராத ஆள் என்று பேர் வாங்கி, ஊரில் என்றால் அடுப்பு அம்மாவின் பொறுப்பு என்று திரும்பி வந்துவிட்டாள். பாளையங்கோட்டையிலிருந்து ஒரு மாப்பிள்ளை பார்க்க வந்தான். தனியாகப் பேச விட்டால், பைக்குக்கு இன்சூரன்ஸ் எப்போது முடிகிறது என்று கேட்டாளாம். அவன் அதோடு சரி.

எங்கள் வேனில்கூட அவள் ஏறியதும் தலைகளை எண்ணுவாள். டீசல் பார்த்தீர்களா, டயரில் காற்று பார்த்தீர்களா என்று கேட்பாள். ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு அவள் கேட்பதற்கு முன்னாலேயே "பாத்தாச்சு" என்று சொல்லிப் பழகிவிட்டேன், பார்க்காவிட்டாலும்.

ஒரு நாள் கடையநல்லூரில் ரயில்வே கேட் அடைத்திருந்தபோது அவளே தன் வேலையை எனக்கு விளக்கினாள். பழைய மோட்டாரின் வாய் இரண்டு இஞ்ச். புதுக் குழாய் ஒன்றரை இஞ்ச். நடுவே ஒரு ரெடியூசர் மாட்டினால்தான் தண்ணீர் போகும். கம்ப்யூட்டரிலும் ஒரு பாஷையில் எழுதிய சங்கதி இன்னொரு பாஷையில் எழுதியதோடு நேரடியாகப் பேசாதாம். நடுவே மாட்டுகிறதுக்கு பைண்டிங் என்று பேர். முன்பெல்லாம் அதைக் கையால் எழுதுவார்கள். ஐந்நூறு இணைப்பு என்றால் ஐந்நூறு ரெடியூசரை உட்கார்ந்து அரத்தால் ராவுகிற கதை. சங்கரேஸ்வரி ரெடியூசர் செய்யவில்லை. ரெடியூசரைக் கடைந்து தள்ளுகிற லேத்தைச் செய்தாள். அந்தப் பக்கத்துக் கோப்பை அதனிடம் கொடுத்தால் அதுவே படித்து, அதுவே அளந்து, இந்தப் பக்கத்துக்கு வேண்டிய எல்லாவற்றையும் ஒரு நிமிஷத்தில் எழுதி வைத்துவிடும். மனுஷக் கை படவே வேண்டாம்.

பின்னே என்ன கவலை, காலை நீட்டி உட்கார வேண்டியதுதானே என்றேன்.

"அதுதான் அண்ணாச்சி பயமே. கையால எழுதினா ஒரு எடத்துல தப்பு வரும். நம்ம கண்ணுல படும். இது எழுதுனத யாரும் பாக்கவே மாட்டாங்க."

கேட் திறந்துவிட்டது. எனக்கு அதற்கு மேல் தேவைப்படவும் இல்லை.

எங்கள் ஆபீஸ் செய்வது மருந்தடிக்கிற ட்ரோனுக்கான திரை. வயல் வரப்பில் ஒருவர் டேப்லெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். ட்ரோன் பத்து லிட்டர் மருந்தைச் சுமந்துகொண்டு நெல்லுக்கு மேலே போய்ப் போய் வரும். ட்ரோனின் மூளை வெளியூர்க் கம்பெனி ஒன்று பழைய பாஷையில் எழுதியது. டேப்லெட் திரை எங்கள் ஆட்கள் புதுப் பாஷையில் எழுதியது. நடுவே இருப்பது சங்கரேஸ்வரியின் லேத் கடைந்த இணைப்பு. உயரம், வேகம், பேட்டரி எல்லாம் அது வழியாகத்தான் போய்வரும். பேட்டரி இருபத்தோராயிரத்து அறுநூறுக்குக் கீழே இறங்கினால் டேப்லெட் பீப் அடித்து, ட்ரோனைத் திரும்பி வரச் சொல்லி, தரையில் உட்கார வைத்துவிட வேண்டும். மில்லிவோல்ட் கணக்காம். அப்படித் திரும்பாமல் பேட்டரி தீர்ந்துபோனால் இருபத்தைந்து கிலோ சாமான் மருந்தோடு மேலேயிருந்து வரும். கீழே யார் நிற்கிறார்கள் என்று பார்த்து வராது.

எங்கள் பக்கத்தில் அந்த மாதிரி ஒன்பது ட்ரோன் ஓடுகிறது. ஒன்று இலஞ்சியில், பன்னிரண்டு பெண்கள் சேர்ந்த மகளிர் குழுவுடையது. அதை ஓட்டுகிறவள் உலகம்மை. நாற்பத்தாறு வயசு, பீடி சுற்றிக்கொண்டிருந்தவள். பதினைந்து நாள் பயிற்சிக்குப் போய்விட்டு வந்து, இலஞ்சியில் எந்த ஆம்பளைக்கும் இல்லாத பைலட் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடப்பாள். பயிற்சியில் சொன்னதை வேதமாகப் பிடிப்பவள். பறக்கும்போது போன் அடித்தால் கவனம் சிதறும் என்று சொன்னார்களாம். அதனால் வயலில் கால் வைத்ததும் போனை அணைத்துச் சோற்று வாளிப் பைக்குள் போட்டுவிடுவாள். குழுவும் தன் பங்குக்கு ஒரு சட்டம் போட்டிருந்தது. இருப்பது நாலே பேட்டரி, இலஞ்சியில் கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது. ஆகையால் பீப் அடிக்கிறவரைக்கும் எந்தப் பேட்டரியையும் கழற்றக் கூடாது.

இவ்வளவும் தெரிந்தால் போதும்.

போன ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்த சீசன். முந்தின நாள் சாயங்காலம் எங்கள் ஆபீஸ் புது வெர்ஷன் ஒன்றை ஒன்பது டேப்லெட்டுக்கும் அனுப்பியிருந்தது. காலை ஏழு இருபதுக்குக் கடையநல்லூரில் ஜுஹைனா ஏறினாள். சங்கரேஸ்வரிக்குப் பக்கத்து மேஜைக்காரி, வேனிலும் பக்கத்து சீட்டுக்காரி. அவள் உட்காருவதற்குள் சங்கரேஸ்வரியின் போன் அடித்தது.

பேசியது சுபாஷ், சிவகிரிப் பக்கம் ட்ரோன் ஓட்டுகிறவன். அவன் பேச்சு பின்னாலிருந்து எனக்கே கேட்டது. விடியற்காலை மருந்தடிக்கப் போனானாம். பேட்டரி தீர்கிறவரைக்கும் பீப் வரவே இல்லையாம். மருந்து தீர்ந்துவிட்டதே என்று தற்செயலாக இறக்கியிருக்கிறான். தரையில் கால் பட்டதும் விசிறி எல்லாம் தானாகவே நின்றுபோயிற்றாம். அதைப் பெரிய வேடிக்கை மாதிரி சிரித்துக்கொண்டே சொன்னான்.

சங்கரேஸ்வரி சிரிக்கவில்லை. லேப்டாப்பை மடியில் திறந்தாள். கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தேன். ரோட்டில் குழி வந்தபோதுகூட கண் திரையை விட்டு அசையவில்லை. பிறகு ஜுஹைனாவிடம் திரையைத் திருப்பி விரலால் ஒரு இடத்தைத் தொட்டாள். இருபத்தோராயிரத்து அறுநூறு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் அறுநூறு இருந்தது. பேட்டரி அந்த அளவுக்கு இறங்குவதற்கு முன்னால் ட்ரோன் எப்போதோ விழுந்துவிட்டிருக்கும். அதாவது, ஒன்பது ட்ரோனில் எதற்கும் இன்றைக்குப் பீப் கிடையாது.

உடனே ராமசேஷன் சாருக்குப் போன் போட்டாள். அவர்தான் எங்கள் ஆபீஸின் தலைவர். தென்காசி கோயில் பக்கத்துத் தெருவில் பிறந்து, பெங்களூரில் இருபது வருஷம் வேலை பார்த்து, சொந்த ஊரில் நாற்பது பேருக்கு வேலை கொடுக்கிறேன் என்று வந்தவர். அவர் புது வெர்ஷனை அந்த நிமிஷமே நிறுத்தினார். ஆனால் டேப்லெட்டில் ஏற்கெனவே ஏறிவிட்டதைத் திரும்ப எடுக்க அங்கே நெட் இருக்க வேண்டும். வயல் நடுவில் நெட் ஏது. ஒவ்வொருத்தரையும் போனில் கூப்பிட்டுப் பறக்காதே என்று சொல்லுவதைத் தவிர வேறு வழி இல்லை என்றார்.

சுபாஷ் போக எட்டுப் பேர். சங்கரேஸ்வரி நாலு, ஜுஹைனா நாலு என்று பிரித்துக்கொண்டார்கள். இடைகால் தாண்டுவதற்குள் ஏழு பேர் எடுத்துவிட்டார்கள். உலகம்மையின் போன் அணைத்திருந்தது. குழுத் தலைவியின் போனில் மணி முழுக்க அடித்து ஓய்ந்தது. யார் எந்த வயலில் எப்போது மருந்தடிக்கிறார்கள் என்ற அட்டவணையைப் பார்த்தார்கள். இலஞ்சி, குற்றாலம் போகிற ரோட்டை ஒட்டி, நாலு ஏக்கர், காலை எட்டு மணி.

ரோட்டை ஒட்டி என்றதும் நான் ஆக்சிலேட்டரை மிதித்தேன். சீசன் நேரத்தில் அந்த ரோட்டில் ட்ரோன் பறந்தால் குளிக்கப் போகிற கார்க்காரன் ஒவ்வொருத்தனும் வண்டியை ஓரங்கட்டி, தலையில் துண்டோடு வரப்பில் இறங்கி, அதற்கு நேர் கீழே நின்று செல்பி எடுப்பான். பிள்ளைகளை வேறு தோளில் தூக்கிக் காட்டுவான்.

"அண்ணாச்சி, அங்கன சாரல் இருக்குமா?" என்று சங்கரேஸ்வரி கேட்டாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. ஜுஹைனாதான் சொன்னாள். தூறல் விழுந்தால் ட்ரோனைத் தூக்க மாட்டார்கள், மருந்தும் நிற்காது, மெஷினுக்கும் ஆகாது. சாரல் விழுகிறவரைக்கும் உலகம்மை வரப்பில் குடையோடு உட்கார்ந்திருப்பாள். வெயில் வந்தால் தூக்கிவிடுவாள்.

வேனுக்கு முன்னால் வைப்பர் ஆடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் தென்காசிச் சாரலுக்கும் இலஞ்சிச் சாரலுக்கும் நடுவே ஒரு கைக்குட்டை அகலம்தான் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். ஒரு தெருவில் நனைவோம், அடுத்த தெருவில் துணி காயும். நான் மலையைப் பார்த்தேன். குற்றாலத்துக்கு மேலே மேகம் கலைந்து, பாறையில் மஞ்சளாக வெளிச்சம் விழ ஆரம்பித்திருந்தது.

"மல மூடித்தான் கெடக்கு," என்றேன்.

அவள் குனிந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்ததால் நம்பிவிட்டாள்.

தென்காசிக்குள் மற்றப் பெண்களை இறக்கி, ஆட்டோ பிடித்துப் போகச் சொல்லிவிட்டு, ஜுஹைனாவையும் அவளையும் மட்டும் வைத்துக்கொண்டு வண்டியைத் திருப்பினேன். யானைப்பாலம் பக்கம் நெரிசல். முன்னால் சுற்றுலா பஸ், அதற்கு முன்னால் இன்னொரு சுற்றுலா பஸ். ஹாரன் அடித்தால் ஜன்னல் வழியாகக் கை ஆட்டுகிறார்கள். வைப்பரை நிறுத்திவிட்டேன், தேவைப்படவில்லை. பின்னால் இருந்த இரண்டு பேரும் அதைக் கவனிக்காமல் இருக்க ரேடியோவைப் போட்டேன். சங்கரேஸ்வரி அணைக்கச் சொன்னாள்.

அங்கே நிற்கும்போதுதான் காரணம் கிடைத்தது. இருபத்தோராயிரத்து அறுநூறு எப்படி அறுநூறு ஆயிற்று என்று இரண்டு பேரும் கோப்பை மேலும் கீழும் உருட்டிக்கொண்டிருந்தார்கள். மூலக் கோப்பில் எண் சரியாகவே இருந்தது. அந்தக் கோப்பு மட்டும் சங்கரேஸ்வரி தன் கையால் எழுதியது. வழக்கமாகக் கம்பெனிக்காரர்கள் அனுப்புவதை அப்படியே லேத்துக்குள் போடுவாள். இந்தத் தடவை அவர்கள் எல்லை எண்களை மட்டும் காகிதத்தில் அனுப்பிவிட்டதால், அவளே புதிதாக ஒரு கோப்பைத் திறந்து உட்கார்ந்து எழுதியிருக்கிறாள். ஜுஹைனா முதல் வரியைக் காட்டி, இது என்ன என்று கேட்டாள்.

அங்கே "உ" என்று ஒரு எழுத்து இருந்தது. பிள்ளையார் சுழி.

சங்கரேஸ்வரி வீட்டில் எதையும் புதிதாக எழுதினால் அது இல்லாமல் ஆரம்பிக்க மாட்டார்கள். மளிகைச் சீட்டாக இருந்தாலும் சரி. அவளுடைய அப்பா ஸ்டேஷனில் சாராயக் கேஸ் எழுதும்போதுகூட மூலையில் பென்சிலால் போட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பாராம். இவளும் நல்லபடியாக முடியட்டும் என்று, மெஷின் படிக்காமல் தாண்டிப் போகிற குறிப்பு வரியாக, பத்திரமாகத்தான் போட்டிருக்கிறாள். மெஷின் தாண்டித்தான் போயிருக்கிறது. ஆனால் தாண்டும்போது எண்ணியிருக்கிறது. லேத்தில் கோப்பைப் படிக்கிற பகுதி, எண் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று பைட் கணக்கில், அதாவது எழுத்து அடைத்துக்கொள்கிற இடக் கணக்கில் சொல்லும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், நம்முடைய உ-வுக்கு மூன்று. வெட்டி எடுக்கிற பகுதி எழுத்துக் கணக்கில் எண்ணும். அதற்கு உ-வும் ஒன்றுதான். ஆக வெட்டு இரண்டு எழுத்து தள்ளி விழுந்தது. 21600 என்பதில் முன்னால் இரண்டு எழுத்து போய், பின்னால் இரண்டு வெற்றிடம் ஒட்டிக்கொண்டு வந்தது. எண்களுக்கு வைத்த பேர்களை எல்லாம் லேத் வேறு வழியில் எடுப்பதால் அவை சரியாக இருந்தன. அந்தக் கோப்பின் மற்ற எண்களும் கெட்டுத்தான் இருந்தன, ஆனால் அவை பைலட்டுகள் திரையில் தாங்களே மாற்றிப் போட்டுக்கொள்பவை என்பதால் யார் கண்ணிலும் படவில்லை. ஆபீஸ் மைதானத்தில் பறக்கவிட்டுப் பார்த்தபோதும் முழுப் பேட்டரியோடு ஐந்து நிமிஷம் சுற்றிவிட்டு அழகாக இறங்கியிருக்கிறது. பேட்டரி தீர்கிறவரைக்கும் யாரும் காத்திருக்கவில்லை.

ஜுஹைனா இதை வாய்விட்டுக் கணக்குப் போட்டு முடிக்கும்போது சங்கரேஸ்வரி லேப்டாப்பை மூடிவிட்டாள். அழுவாள் என்று நினைத்தேன். நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தாள். வெயில் என் கழுத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"எப்ப அண்ணாச்சி வெயில் வந்துச்சு?"

இப்பத்தான் என்றேன். அடுத்த சந்தில் வண்டியை வளைத்து, ஒரு கல்யாண மண்டபத்தின் பின்பக்கமாக, வண்டி போகக் கூடாத வழியில் போனேன்.

வழியில் ராமசேஷன் சார் மறுபடியும் கூப்பிட்டார். காரணத்தை அவள் சொன்னாள். அவர் மெதுவாக, வயலில் போய் எதையும் பேசிவிடாதே, மெஷினை மட்டும் இறக்கச் சொல், பதிவுகளைப் பார்த்துவிட்டு ட்ரோன் கம்பெனியிடம் எப்படிச் சொல்லுவது என்று முடிவு பண்ணிக்கொள்ளலாம் என்றார். கெட்ட மனுஷர் இல்லை. நாற்பது பேர் சம்பளம் அவர் தலையில். சங்கரேஸ்வரி சரி சார் என்று வைத்தாள்.

இலஞ்சிக்குள் நுழைந்து குற்றாலம் ரோட்டில் ஏறினதும் தூரத்திலேயே தெரிந்துவிட்டது. ரோட்டோரம் எட்டுப் பத்து கார் நின்றது. நெல்லுக்கு மேலே ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக, பெரிய வண்டு மாதிரி, அது போய்க்கொண்டிருந்தது. வரப்பில் துண்டு கட்டிய கூட்டம், தோளில் பிள்ளைகள். அடுத்த வயலில் குழுப் பெண்கள் வரிசையாகக் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

வண்டி நிற்பதற்குள் அவள் இறங்கிவிட்டாள். செருப்பு வாய்க்காலில் போயிற்று. வரப்பு வழுக்கி ஒரு கால் சேற்றில் இறங்கி, ஏறி, மறுபடி ஓடினாள். உலகம்மை முதுகைக் காட்டி நின்றாள். கழுத்தில் அட்டை, கையில் டேப்லெட், கண் ட்ரோன் மேல். பறக்கும்போது கண்ணை எடுக்கக் கூடாது என்பதும் பயிற்சியில் சொன்னதுதான்.

"யக்கா, எறக்குங்க."

"யாருட்டி அது? பீப் அடிக்கலியே இன்னும்."

"அடிக்காதுக்கா. எறக்குங்க. ஆளு இல்லாத பக்கமா எறக்குங்க."

அந்தக் குரலில் என்ன இருந்ததோ, உலகம்மை மறுபேச்சுப் பேசவில்லை. ட்ரோன் ரோட்டுப் பக்கம் வந்துகொண்டிருந்தது. அதை நிறுத்தி, மெதுவாகத் திருப்பி, நடு வயலுக்குக் கொண்டுபோனாள். நான் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினேன், மருந்து மேலே பட்டால் முடி கொட்டும் என்று. அதற்குத்தான் நகர்ந்தார்கள். ட்ரோன் இறங்க ஆரம்பித்து, இடுப்பளவு உயரத்துக்கு வரும்போது ஒரு விசிறியின் சத்தம் மாறியது. அப்புறம் எல்லாச் சத்தமும் ஒரேயடியாக நின்றது. பொத்தென்று சேற்றில் விழுந்து ஒரு பக்கம் சாய்ந்தது. விசிறி மாட்டிய ஒரு கை முறிந்து தொங்கியது. தொட்டி பிளந்து மஞ்சளாக மருந்து நெல்லுக்குள் பரவியது.

யார் மேலும் படவில்லை. ரோட்டுப் பக்கம் அந்த உயரத்திலேயே பத்து எண்ணுகிற நேரம் கூடுதலாக நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நான் எண்ணிப் பார்க்கிறது இல்லை.

களை எடுத்தவர்கள் நிமிர்ந்து ஓடி வந்தார்கள். பன்னிரண்டு பேர் மெஷின். எல்லாரும் உலகம்மையைப் பார்த்தார்கள். அவள் டேப்லெட்டைச் சேலை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டாள். பிறகு சங்கரேஸ்வரியிடம் சொன்னாள்:

"என் கைதான் பிசகிட்டு. நீ பின்னால வந்து கூப்பிட்டதும் பதறிட்டேன் பாத்துக்க. பதறக் கூடாதுன்னு சொல்லித்தான் குடுத்தாவ."

அந்த இடத்தில் நான் சங்கரேஸ்வரியைப் பார்த்தேன். அவள் ஒன்றுமே சொல்ல வேண்டியதில்லை. சும்மா நின்றால் போதும். ராமசேஷன் சாரும் அதைத்தான் கேட்டிருந்தார். குழுப் பெண்கள், செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்த குளிக்க வந்தவர்கள், எல்லாரும் உலகம்மையின் கை என்று ஏற்கெனவே நம்பிவிட்டார்கள். அவளே நம்பிவிட்டாள். சங்கரேஸ்வரி நகத்தைக் கடித்தாள். சேற்றுக் கை என்பதை மறந்து கடித்துவிட்டுத் துப்பினாள்.

"ஒங்க கை இல்லக்கா. பீப் அடிக்காம போனது நான் எழுதுனதுல வந்த தப்பு. நேத்து சாயங்காலமே தப்பா அனுப்பிட்டோம்."

ஜுஹைனா கண்ணை மூடிக்கொண்டாள். உலகம்மை சங்கரேஸ்வரியை மேலும் கீழும் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று எல்லாரும் நினைத்தோம். அவள் கேட்டது வேறு. மற்ற எட்டுப் பேரும் பறந்துகொண்டிருக்கிறார்களா என்று கேட்டாள். எல்லாரையும் நிறுத்தியாயிற்று என்றதும் அட்டையைத் திரும்பக் கழுத்தில் போட்டுக்கொண்டு, சாயங்காலம் குழுக் கூட்டம், அங்கே வந்து இதையே சொல்லு என்றாள்.

போய்ச் சொன்னாள். நான்தான் கூட்டிப் போனேன். ராமசேஷன் சாரும் வந்தார், பின்வரிசையில் பெஞ்சு நுனியில் உட்கார்ந்தார். முதலில் அவருக்குக் கோபம்தான். பிறகு ரிப்பேர்ச் செலவு ஆபீஸுடையது என்று அவரே எழுந்து சொன்னார். சுழி, பைட், வெட்டு எல்லாவற்றையும் சங்கரேஸ்வரி சொல்லிப் பார்த்தாள். ஒருத்திக்கும் ஏறவில்லை. இனிமேல் எந்தப் பாஷை எழுத்து வந்தாலும் சரியாக எண்ணுகிற மாதிரி லேத்தைத் திருத்திவிட்டேன், பேட்டரி தீர்கிறவரைக்கும் ஓட்டியும் பார்ப்போம் என்றாள். அதற்கும் யாரும் அசையவில்லை. கடைசியில் உலகம்மை பேசினாள்.

"இவ திருத்திட்டேங்கா. எனக்கு அதெல்லாம் பாக்கத் தெரியாது. ரிப்பேர் ஆகி வந்ததும் மொதத் தடவ தூக்கும்போது எழுதுனவ கீழ நிக்கணும். நாங்க தெனமும் கீழதான நிக்கோம்."

ராமசேஷன் சார் அது விதிப்படி கூடாது என்று ஆரம்பித்தார். பன்னிரண்டு தலையும் அவர் பக்கம் திரும்பியதும் உட்கார்ந்துவிட்டார். சங்கரேஸ்வரி எந்த வயலில் என்று மட்டும் கேட்டாள்.

பதினோரு நாள் கழித்து ஒரு சனிக்கிழமை. அந்தப் பதினோரு நாளும் வேனில் அவள் தலைகளைக்கூட எண்ணவில்லை. லேத் கடைந்த ஒவ்வொரு எண்ணையும் காகிதத்தில் அச்சடித்து, மூலக் காகிதத்தோடு வைத்து, பென்சிலால் ஒவ்வொன்றாக டிக் போட்டுக்கொண்டே வந்தாள். வீட்டில் வள்ளித்தாய்க்கு விஷயம் தெரிந்து, அவளுடைய அப்பா ஏட்டையா என்னிடம் வந்து தனியாகக் கேட்டார், ஹெல்மெட் போடலாமா என்று. போட்டால் குழு ஒத்துக்கொள்ளாது என்றேன். அது நானாகச் சொன்னது. அவர் யோசித்துவிட்டு, நியாயம்தான் என்று போய்விட்டார்.

அன்றைக்குத் தொட்டியில் வெறும் தண்ணீர்தான். அறுவடையான ஒரு மேட்டு வயல். சங்கரேஸ்வரி நடுவே போய் நின்றாள், சுடிதாரைக் கணுக்காலுக்கு மேலே மடித்துவிட்டுக்கொண்டு. உலகம்மை ட்ரோனைத் தூக்கி, கொண்டுபோய் அவள் தலைக்கு மேலே நிறுத்தினாள். ஜுஹைனா டேப்லெட்டில் எண்ணைப் பார்த்து உரக்கச் சொன்னாள். இருபத்து நாலாயிரத்து எண்ணூறு. விசிறிக் காற்றில் சங்கரேஸ்வரியின் தலைமுடி அவிழ்ந்து முகத்தை மூடியது. ஒதுக்கவில்லை. கைகளை இரண்டு பக்கமும் இறுக்கி வைத்திருந்தாள்.

இருபத்து மூவாயிரம். குழுப் பெண்கள் வரப்பில் வரிசையாக நின்றார்கள். ஆரம்பத்தில் ஒருத்தி ஏதோ கிண்டல் பண்ணினாள். ஏழு நிமிஷம் ஆனபோது அவளும் ட்ரோனையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தீராயிரத்து இருநூறு. நான் வேனைச் சுற்றி நடந்தேன். ராமசேஷன் சார் வேனுக்குள்ளேயே உட்கார்ந்து டாஷ்போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தீராயிரம். இருபத்தோராயிரத்து எண்ணூறு. எழுநூறு. அறுநூற்று ஐம்பது. அதற்கப்புறம் அவள் எண்ணைச் சொல்லவில்லை. உலகம்மையின் இரண்டு கட்டைவிரலும் இறக்குகிற இடத்துக்கு மேலே தொடாமல் நின்றன. வாக்குக் கொடுத்திருந்தாள், பீப் அடிக்காமல் தொடுவதில்லை என்று.

பீப் அடித்தது.

ட்ரோன் தானாகவே மூக்கைத் திருப்பி, சங்கரேஸ்வரியின் தலையை விட்டு விலகி, புறப்பட்ட இடத்துக்கு வந்து மெதுவாக உட்கார்ந்தது. விசிறிகள் ஒவ்வொன்றாக நின்றன. யாரும் கை தட்டவில்லை. உலகம்மை டேப்லெட்டை இடுப்பில் செருகிக்கொண்டு, போதும், வெளியே வா என்று கையைக் காட்டினாள்.

அவள் வரவில்லை. முகத்திலிருந்த முடியை இப்போதுதான் ஒதுக்கினாள். வரப்பில் நின்றவர்கள் அவளையே பார்த்தார்கள்.

"யக்கா, ஒரு தடவ சரியா வந்தா நம்ப முடியாது. அடுத்த பேட்டரியையும் போடுங்க."

உலகம்மை மலைப் பக்கம் திரும்பி மேகத்தைப் பார்த்தாள். சாரலுக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கும் போலிருந்தது. குனிந்து இரண்டாவது பேட்டரியை எடுத்தாள்.